தேநீர்க் கடையும் கணிப்பொறியும்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைப் பலமுறை எடுத்துப் படித்தோம். எழுதியவர் ஒரு குடும்பத் தலைவி. கணவரும் அவரும் ஒரு சிற்றூரில் ரொட்டிக் கடை நடத்தி வருகின்றனர். கடை தொடங்கிய நாள்தொட்டே ஒரு பெரியவர் அங்குக் கணக்கு எழுதி வருகிறார். பிள்ளைகள் அவரைக் ‘கணக்குத் தாத்தா’ என்று அழைத்தே வளர்ந்தவர்கள். கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பிய மூத்த மகன் இப்போது கடைக்குக் கணிப்பொறி வாங்க வேண்டும் என்கிறான். வரிக் கணக்கு, மாவு விலையேற்றம், அருகில் திறந்திருக்கும் பெரிய கடையின் போட்டி, அலைபேசியில் வரும் ஆர்டர்கள் எல்லாவற்றையும் பழைய பேரேட்டை வைத்துக்கொண்டு சமாளிக்க இயலாது என்பது அவன் வாதம். தந்தையோ, ‘இயந்திரம் வந்தால் அந்தப் பெரியவர் எங்கே போவார்?’ என்று கேட்டு வாயடைத்து நிற்கிறார். வீட்டில் சாப்பாட்டு வேளையில்கூடப் பேச்சு நின்றுவிட்டதாம். ‘இருவரில் யார் சொல்வது சரி என்று எழுதுங்கள்’ என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

தந்தைக்கும் மகனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. ஆயினும் இதே கேள்வியை இவர்களுக்கு முன்பே சந்தித்த ஒரு நிறுவனத்தின் வரலாறு நினைவுக்கு வந்தது. வியப்பு என்னவெனில், அதுவும் ரொட்டியும் கேக்கும் சுட்டு, தேநீர் விற்ற நிறுவனமே. வணிக நெருக்கடியை எதிர்கொள்ளக் கணிப்பொறியை உலகிலேயே முதன்முதலில் அன்றாட அலுவலகப் பணிக்குப் பயன்படுத்தியவர்கள் போர்த் தளவாட உற்பத்தியாளரோ வங்கியினரோ அல்லர். இலண்டன் மாநகரின் தேநீர்க் கடைக்காரர்களே. அந்த வரலாற்றை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்னும் நிறுவனம் 1894-ஆம் ஆண்டில் பிக்கடிலி வீதியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. தூய்மையான இடம், நல்ல தேநீர், நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய விலை, பெண்கள் தனியே சென்று அமர்ந்தாலும் மதிப்புக் குறையாத சூழல் ஆகியவற்றால் அது மக்கள் மனத்தைக் கவர்ந்தது. காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் எழுந்தன. இலண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் இருந்த கேட்பி ஹால் என்னும் பெருவளாகத்தில் ரொட்டியும் கேக்கும் பனிக்கூழும் உருவாகி நாள்தோறும் கடைகளுக்குச் சென்றன. அரச மாளிகைத் தோட்ட விருந்துகளுக்கும் உணவு வழங்கிய நிறுவனம் அது.

இத்துணைப் பெரிய நிறுவனத்தின் வருவாய் எதிலிருந்து வந்தது? ஒரு குவளைத் தேநீர், ஒரு துண்டுக் கேக்கு, ஒரு ரொட்டி என்று சில்லறைச் சில்லறையாகவே வந்தது. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சீட்டு, ஒரு பதிவு, ஒரு கூட்டல் தேவைப்பட்டது. ஒரு கப்பல் விற்றாலும் ஒரே கணக்கு; ஒரு கோடிக் கேக்கு விற்றால் ஒரு கோடிக் கணக்கு. பண்டத்தில் கிடைத்த ஆதாயத்தைப் பேரேடே விழுங்கிவிடும் அபாயம் இருந்தது. அந்நாளைய இங்கிலாந்து நாணயமோ நம் பழைய ரூபாய், அணா, பையைப் போன்றது. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1957-க்கு முன்பு 16 அணாவையும் 12 பையையும் வைத்துக் கணக்குப் போட்ட நம் பாட்டன்மாருக்கு அதன் சிரமம் நன்கு விளங்கும்.

இச்சிக்கலை முதலில் உணர்ந்தவர் ஜான் சிம்மன்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1923-இல் இந்நிறுவனத்தில் சேர்ந்தவர். அவர் இயந்திரத்திலிருந்து தொடங்கவில்லை என்பதை நம் வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ‘இந்தத் தாள் எதற்காக எழுதப்படுகிறது? எழுதியபின் யார் இதைப் படிக்கிறார்? படித்து என்ன செய்கிறார்?’ என்று ஒவ்வொரு படிவத்தையும் கேள்விக்கு உட்படுத்துவதற்கென்றே 1930-களில் ஒரு தனி ஆய்வுப் பிரிவு நிறுவனத்திற்குள் ஏற்படுத்தப்பட்டது. வேண்டாத எழுத்து வேலையை நீக்குவதும், வேண்டியதை எளிமையாக்குவதும் அதன் பணி. கணிப்பொறி என்ற சொல்லுக்கே இன்றைய பொருள் பிறவாத காலம் அது.

பின்னர் உலகப் போர் வந்தது. போர்க்காலத்திலும் அதன் பிறகும் நெருக்கடிகள் நாற்புறமும் சூழ்ந்தன. சட்டத்தின் நெருக்கடி ஒன்று: 1944-இல் ஊதியத்திலிருந்தே வருமான வரியைப் பிடித்துச் செலுத்தும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு தொழிலாளியின் வரியையும் வாரந்தோறும் கணக்கிடும் சுமை முதலாளியின் தோளில் ஏறியது. பண்டத்தின் நெருக்கடி மற்றொன்று: 1946 முதல் 1948 வரை ரொட்டிக்கே பங்கீடு இருந்தது, தேயிலைப் பங்கீடு 1952 வரையிலும், சர்க்கரைப் பங்கீடு 1953 வரையிலும் நீடித்தன. மாவும் சர்க்கரையும் அளந்து கிடைக்கும் நாளில், ஒரு தட்டுக் கேக்கு வீணாவதும் பொறுக்க முடியாத இழப்பு. போருக்குப்பின் எழுத்தர் வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. ஊதியம் உயர்ந்தது. வாடிக்கையாளரோ விலை உயர்வதை விரும்பவில்லை.

இக்கட்டத்தில், 1947-ஆம் ஆண்டில், ரேமண்ட் தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு ஆகிய இரு அலுவலர்களை நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. போர்க்காலத்தில் அங்கு அலுவலக நடைமுறை எவ்வாறு முன்னேறியிருக்கிறது என்று கண்டுவருவதே நோக்கம். அலுவலகங்களில் பெரும் புதுமை எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்கென உருவாக்கப்பட்ட மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அறிந்தார்கள். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தபோது, அவர்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், அத்தகைய பொறி ஒன்று உருவாகி வருவதாக அவர் தெரிவித்தார். அயல்நாட்டில் தேடிச் சென்ற பொருள் தம் அடுத்த வீட்டிலேயே இருப்பதை இருவரும் அறிந்தது இவ்வாறுதான்.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் ‘எட்சாக்’ என்ற பொறி உருவாகிக்கொண்டிருந்தது. தேநீர் நிறுவனம் அப்பணிக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு நன்கொடை அளித்ததோடு, தன் பணியாளர் ஒருவரையும் உதவிக்கு அனுப்பியது. 1949 மே 6-ஆம் நாள் எட்சாக் தன் முதல் கணக்கைச் செய்து முடித்தது. அதன்பின் நிறுவனம் தனக்கென ஒரு கணிப்பொறியைத் தானே கட்டத் தொடங்கியது. விலைக்கு வாங்குவதற்கு அன்று அலுவலகக் கணிப்பொறி என்ற பண்டமே சந்தையில் இல்லை. ஜான் பிங்கர்ட்டன் என்னும் பொறியியலார் கட்டுமானத்தை ஏற்றார். அந்தப் பொறியிடம் என்னென்ன வேலையை எவ்வாறு ஒப்படைப்பது என்று வகுக்கும் பொறுப்பு டேவிட் காமினர் என்பவருக்கு வந்தது.

பொறிக்கு இடப்பட்ட பெயர் ‘லியோ’. ‘லயன்ஸ் எலெக்ட்ரானிக் ஆபிஸ்’ என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. இலத்தீன் மொழியில் லியோ என்பது சிங்கம். நம் பங்குகளில் சிங்கராயர் என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோம் அல்லவா? அந்தப் பெயரேதான்.

இன்று சட்டைப் பையில் அடங்கும் பொறியைக் கண்டு பழகியவர்களுக்கு அந்தச் சிங்கத்தின் உருவம் நகைப்பூட்டும். பெரியதோர் அறை முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. பழைய வானொலிப் பெட்டிகளில் நாம் கண்ட கண்ணாடி வால்வுகளைப் போல ஏறத்தாழ 6,000 வால்வுகள் அதற்குள் எரிந்தன. பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களில் ஒலி அதிர்வுகளை ஓடவிட்டு, அவற்றையே எண்களாக நினைவில் வைத்துக்கொண்டது. வால்வுகள் அவ்வப்போது பழுதாகும். ஆகவே பழுது நேருமுன்பே வலுவிழந்த வால்வைக் கண்டறியும் சோதனைகளைப் பிங்கர்ட்டன் அன்றாட வழக்கமாக்கினார்.

1951 நவம்பரில் லியோ தன் முதல் வணிகப் பணியை ஏற்றது. எந்தெந்தப் பண்டம் எவ்வளவு சுடப்பட்டது, அதற்கு மூலப்பொருளும் உழைப்பும் எவ்வளவு செலவாயின, எங்கெங்கு அனுப்பப்பட்டது என்னும் ரொட்டிச் சாலையின் வாரக் கணக்கே அப்பணி. அலுவலகக் கணக்கு ஒன்றை வாரந்தோறும் வழக்கமாகக் கணிப்பொறி செய்தது உலகில் அதுவே முதன்முறை.

அடுத்து ஊதியப் பட்டியல். இங்கேதான் இந்நிறுவனத்தார் காட்டிய நிதானத்தை நாம் பாராட்ட வேண்டும். கேக்குக் கணக்கு ஒருநாள் தாமதமானால் குடிமுழுகிப் போகாது. கூலி தாமதமானால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியாது. ஆகவே பொறி கணக்கிட்ட ஊதியத்தையும் எழுத்தர்கள் கையால் கணக்கிட்ட ஊதியத்தையும் வாரக்கணக்கில் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது காமினரின் கண்டிப்பான விதி. நம்பிக்கை முழுமையாக ஏற்பட்ட பின்னரே, 1954-இன் தொடக்கத்தில், கூலிக் கணக்கை லியோவிடம் ஒப்படைத்தனர். வரி, காப்பீடு, மிகைநேரம் எல்லாம் சேர்த்து ஒருவருடைய ஊதியத்தைக் கணக்கிடத் தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி போதுமாயிருந்தது.

வேகம் வியப்புக்குரியதே. ஆனால் வேகத்தைவிடப் பெரிய பாடம் மூன்றாவது பணியில் இருக்கிறது. அதுவே தேநீர்க் கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் பணி.

அதுவரை ஒவ்வொரு கடையின் மேலாளரும் மறுநாளைக்கு வேண்டிய ஒவ்வொரு பண்டத்தையும் நாள்தோறும் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. மேலாளர்கள் பெரும்பாலும் பெண்கள். பகல் முழுதும் வாடிக்கையாளரைக் கவனித்துவிட்டுப் படிவத்தோடு போராடுவார்கள். அவை எல்லாம் கேட்பி ஹாலுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, கூட்டப்பட்டு, எத்தனை ரொட்டி சுடுவது, எந்த வண்டியில் எதை ஏற்றுவது என்று முடிவாக வேண்டும்.

1954 அக்டோபரில் இம்முறை மாறியது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமாக வேண்டியது எவ்வளவு என்பதை லியோ முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தது. மேலாளர் செய்ய வேண்டியது ஒன்றே. குறித்த நேரத்தில் தொலைபேசி ஒலிக்கும். வழக்கத்திலிருந்து எது மாறுபடுகிறதோ அதை மட்டும் சொன்னால் போதும். ‘நாளை இரண்டு தட்டுக் கேக்கு அதிகம் வேண்டும், ரொட்டியில் பத்தைக் குறைத்துவிடுங்கள்’ என்று அவர் சொல்லச் சொல்ல, மறுமுனையில் காதில் ஒலிவாங்கி அணிந்த பெண்கள் அதை நேரே அட்டையில் துளையிட்டுப் பதிவார்கள். மற்றதை லியோ பார்த்துக்கொள்ளும். சுடுபவர்களுக்கு மொத்த அளவு, பொதி கட்டுபவர்களுக்குக் கடைவாரியான பட்டியல், மேலாளர்களுக்குக் கணக்கு எல்லாம் ஒரே ஓட்டத்தில் அச்சாகி வெளிவந்தன.

இதன் நுட்பத்தை நம் இல்லத்தரசிகள் எளிதில் உணர்வர். பால்காரரிடம் நாள்தோறும் ‘எங்களுக்கு ஒரு லிட்டர் பால் வேண்டும்’ என்று யாரும் சொல்வதில்லை. விருந்தினர் வரும் நாளில் மட்டும் ‘நாளை இன்னும் அரை லிட்டர் சேர்த்து ஊற்றுங்கள்’ என்கிறோம். வழக்கமானது வழக்கமாகவே நடக்கட்டும்; மாறுவதை மட்டும் மனிதர் கவனிக்கட்டும் என்பதே அந்தத் தேநீர்க் கடையின் தத்துவம். மேலிடத்திற்குப் போகும் அறிக்கைகளிலும் இதையே கடைப்பிடித்தனர். எல்லா எண்களையும் மலைபோல் அச்சிட்டுக் குவிக்காமல், வழக்கத்திலிருந்து விலகி நின்றவற்றை எடுத்துக்காட்டுவதே நோக்கமாயிருந்தது.

நெருக்கடியில் இருக்கும் ஒரு நிறுவனத்திற்குக் கணிப்பொறி உண்மையில் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். முதலாவது, சிறு ஆதாயத்தை எழுத்துவேலை விழுங்காமல் காக்கிறது. இரண்டாவது, நேற்று நடந்ததை அடுத்த மாதம் அறிவதற்குப் பதிலாக இன்றே அறியச் செய்கிறது. ஆகவே மாவு வீணாகுமுன் கையை நிறுத்த முடிகிறது. மூன்றாவது, அரசின் சட்டம் மாறும்போது ஆயிரம் தாள்களைத் திருத்துவதற்கு மாறாக, கணக்கிடும் முறையை ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்னும் நிலையைத் தருகிறது. இந்தத் திறமையைக் கண்டு பிற நிறுவனங்களும் லியோவை நாடி வந்தன. ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிலாளர் ஊதியத்தையும், அரசின் வருமான வரி அட்டவணைகளையும் அந்தத் தேநீர்க் கடையின் பொறியே கணக்கிட்டுக் கொடுத்தது.

அப்படியானால் எழுத்தர்களின் கதி என்ன? கடிதம் எழுதிய தாயின் கணவர் கேட்கும் கேள்வி இதுவே. இதை மழுப்பிச் செல்ல நாம் விரும்பவில்லை. வரிசை வரிசையாக மேசைகளில் அமர்ந்து கூட்டல் போட்ட அந்த வேலை மறைந்தது. எட்டு நிமிட வேலை ஒன்றரை விநாடியில் முடியும்போது அது மறையாமல் இருக்க வழியில்லை.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லியோவுக்கு நிரல் எழுத ஆள் தேவைப்பட்டபோது நிறுவனம் வெளியே மட்டும் தேடவில்லை. தன் பணியாளர்களுக்கே பயிற்சி வகுப்பும் தேர்வும் நடத்தி, அதில் தேறியவர்களை அமர்த்தியது. அவர்களுள் ஒருவர் மேரி கூம்ஸ் என்னும் பெண்மணி. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றது கணிதம் அன்று; பிரெஞ்சு மொழி. பனிக்கூழ் விற்பனை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1952-இல் அத்தேர்வில் தேறினார். வணிகப் பணிக்காக நிரல் எழுதிய முதல் பெண்மணி என்று வரலாறு இன்று அவரைப் போற்றுகிறது. உடல் ஊனமுற்ற மகளைப் பேண வேண்டியிருந்ததால் பிற்காலத்தில் வீட்டிலிருந்தே பகுதிநேரமாக அப்பணியோடு தொடர்பு கொண்டிருந்தார், பின்னர்ப் பள்ளி ஆசிரியையானார், 2022-இல் மறைந்தார். அலுவலக மூலையில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் என்ன திறமை புதைந்திருக்கிறது என்பதை யாரேனும் கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்!

வேறோர் உண்மையும் உண்டு. ரொட்டிக் கணக்கை நன்கறிந்தவர்களுடன் அமர்ந்து பேசாமல் லியோவின் நிரல்களை எழுதியிருக்கவே முடியாது. இந்தத் தள்ளுபடி எதற்கு, இந்தக் கடைக்கு மட்டும் ஏன் ஞாயிறன்று சரக்குப் போவதில்லை என்பவை பேரேட்டில் இருப்பதில்லை. அவை பேரேட்டை எழுதியவர் நெஞ்சில் இருக்கின்றன. அவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டுப் பொறியை உள்ளே கொண்டுவருபவர், பூட்டை வாங்கிக்கொண்டு சாவியைத் தெருவில் எறிந்தவர் ஆவார்.

இந்த வரலாற்றின் முடிவையும் சொல்லவேண்டும். லியோ வெற்றி பெற்றதால், 1954-இல் கணிப்பொறி செய்து விற்பதற்கென ஒரு துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-இல் லியோ இரண்டும், 1961-இல் லியோ மூன்றும் வந்தன. ஆனால் அத்தொழிலுக்கு வேண்டிய பெருமுதல் ஒரு தேநீர் நிறுவனத்தின் தகுதிக்கு மேற்பட்டது. 1963-இல் அத்துணை நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவோடு இணைந்தது. முதல் லியோ 1965-இல் ஓய்வு பெற்றது. லியோ மூன்றின் வழிவந்த சில பொறிகள் இங்கிலாந்து அஞ்சல் துறையில் 1981 வரை உழைத்தன.

தாய் நிறுவனத்தின் கதையோ வேறுவிதமாக முடிந்தது. மக்களின் உணவுப் பழக்கம் மாறியது. தேநீர்க் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெளிநாடுகளில் விரிவடைவதற்காக வாங்கிய பெருங்கடன் 1970-களில் கழுத்தை நெரித்தது. 1978-இல் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. உலகின் முதல் அலுவலகக் கணிப்பொறியைப் பெற்றிருந்தவர்களாலும் தங்கள் கடையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனை கேக்கு சுடுவது என்று லியோ சொல்லிற்று. எவ்வளவு கடன் வாங்குவது என்ற முடிவு மனிதரிடம் இருந்தது. கருவி எவ்வளவு கூர்மையானாலும், எதை எடுப்பது, எதை விடுப்பது என்ற தீர்மானம் அதன் பொறுப்பன்று.

தொழிற்புரட்சியின் காலத்தில் உழைப்பாளரின் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தையும் ஒரு சிங்கராயரே, பதின்மூன்றாம் சிங்கராயர். 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை அதே பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் கூறுகையில், செயற்கை நுண்ணறிவால் இன்று மற்றுமொரு தொழிற்புரட்சி நிகழ்கிறது என்றும், மனித மாண்பும் உழைப்பும் காக்கப்பட வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். ரொட்டிக் கடையில் எழுந்த விவாதம் சிற்றூர் விவாதம் அன்று. உலகமே இன்று பேசும் விவாதம்.

இனி அந்தத் தாய்க்குச் சில சொற்கள்.

அம்மா, உங்கள் மகன் நெருக்கடியைக் குறித்துச் சொல்வது உண்மை. சரக்கு, சேவை வரி 2017-இல் வந்தபின் கணக்கு ஒழுங்காக இல்லாத கடை நிலைப்பது அரிது. பழைய பேரேட்டோடு பிடிவாதமாய் இருந்தால், நாளை கடையும் இராது, பெரியவரின் வேலையும் இராது. உங்கள் கணவர் சொல்வதும் உண்மை. ஒருவருடைய உழைப்பின் இளமையைப் பெற்றுக்கொண்டு, முதுமையில் அவரைத் தெருவில் விடும் கடை, கணக்கில் எவ்வளவு ஆதாயம் காட்டினாலும் நட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பொறி வாங்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலில், ஒரு மாத காலம் ஒவ்வோர் இரவும் கடையில் விற்காமல் மீந்தது என்ன, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கிழமையில் எது மீள்கிறது, எது போதாமல் போகிறது என்பது அதில் தெரியும். அது தெரியாமல் பொறி வாங்கினால், குழப்பம் இன்னும் விரைவாக நடக்கும், அவ்வளவே. அடுத்து, பொறி வந்தபின் சில வாரங்களேனும் பேரேட்டையும் தொடர்ந்து எழுதச் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டைப் பெரியவரின் பொறுப்பில் விடுங்கள். பொறி செய்யும் பிழையைக் கண்டுபிடிக்க அவரைவிடத் தகுந்தவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். மூன்றாவதாக, எந்தக் குடும்பத்திற்குக் கடன் கொடுக்கலாம், யாருடைய பாக்கியைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வீட்டில் துன்பம் நேர்ந்திருக்கிறது என்பதைப் பொறியிடம் கேட்காதீர்கள். அதைப் பெரியவரிடம் கேளுங்கள்.

இவற்றையெல்லாம்விட முதற்கண் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் தந்தை பேசியதும் மகன் பேசியதும் இருக்கின்றன. அந்தப் பெரியவர் என்ன நினைக்கிறார் என்பது ஒரு வரியிலும் இல்லை. அவரைக் குறித்தே வீட்டில் இத்தனை வாக்குவாதம் நடந்தும், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் மாலை கடையை மூடியபின், மகனே அவரை அருகில் அமரச் செய்து, ‘தாத்தா, இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுங்கள், இந்தப் பொறியை நான் உங்களுக்குக் கற்றுத் தருகிறேன்’ என்று சொல்லட்டும். அவர் கற்றுக்கொள்ள விரும்பலாம். ‘எனக்கு ஓய்வு போதும்’ என்றும் சொல்லலாம். ஓய்வு கேட்டால், அவர் உழைத்த ஆண்டுகளுக்குத் தக்க தொகையைக் கையில் கொடுத்து மரியாதையோடு அனுப்பிவையுங்கள். கணிப்பொறியின் விலையைக் குறித்து வைக்கும்போது அந்தத் தொகையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். அது தனிச் செலவு அன்று. பொறியின் விலையில் ஒரு பகுதியே.

அவர் என்ன விடை சொன்னார் என்று நமக்கு எழுதுங்கள். உங்களைப் போலவே விடை அறியக் காத்திருக்கும் கடைகளும் குடும்பங்களும் நம் வாசகரிடையே பல உள்ளன.